தவிட்டுக்குருவிகளுக்குக் கொல்லைப்புறம் கிடைத்த கதை

மாடும் மரமும் மனிதரும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மாடு, "இன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை, ஏர் பூட்டாதே" என்று சொன்னால் உழவன் பேசாமல் கலப்பையைச் சாய்த்துவைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். தவளைகள் ஊர்க்கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து கருத்துச் சொல்லும். அப்படிப்பட்ட கூட்டம் எப்போது முடியும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய சங்கடமும் இருந்தது. துக்கம் முற்றினால் மனுஷர் கல்லாகிவிடுவார்கள். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமான கல். முதலில் கால் விரல் மரத்துப்போகும். அப்புறம் பாதம் சாம்பல் நிறமாகும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று கல் மேலே ஏறும். தொண்டையைத் தாண்டிவிட்டால் தீர்ந்தது. மறுநாள் அந்த இடத்தில் ஒரு பாறைதான் இருக்கும்.

மலையடிவாரத்தில் பாறைக்குளம் என்று ஓர் ஊர். ஊரைச் சுற்றி ஆள் உயரத்தில் பாறைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. வெளியூர்க்காரன் யாராவது தெரியாமல் அதில் மாட்டைக் கட்டினால், "ஐயா, அது எங்க பெரியப்பா, வேற இடம் பாருங்க" என்று ஊர்க்காரர்கள் பணிவாகச் சொல்வார்கள்.

பாறைக்குளத்துக்காரர்கள் நல்லவர்கள். அதில் சந்தேகமே இல்லை. யாருக்காவது துக்கம் வந்துவிட்டால் ஊரே கூடி ஒரு வைத்தியம் செய்யும். அதற்குப் பெயர் சத்தக்கட்டு. நொந்த மனசுக்குச் சத்தம் ஆகாது, புண்ணில் கை வைத்த மாதிரி இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அதனால் ஊரில் உள்ள ஓசை எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தும் ஆள் கல்லாகிவிட்டால், "யாரோ இருமிட்டாங்கப்பா" என்று சொல்லி, அடுத்த முறை சத்தக்கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். இத்தனை தலைமுறையில் அந்த வைத்தியத்தால் ஓர் ஆள்கூடப் பிழைத்ததில்லை. ஆனாலும் தப்பு வைத்தியத்தில் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்கிற தப்பு இருக்கிறதே, அதைக் கண்டுபிடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

அந்த ஊரில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஓரகத்தி பெயர் வெள்ளச்சி. அண்ணனைக் கட்டியவள் காத்தாயி, தம்பியைக் கட்டியவள் வெள்ளச்சி. இரண்டு வீட்டுக்கும் கொல்லையில் நடுவே இடுப்பளவு மண்சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று விடிந்ததும் வந்து நின்றுவிடுவார்கள். பிறகு தொடங்கும் பாருங்கள்.

"உன் ஆட்டுக்குட்டி என் வெண்டைச் செடியத் தின்னுடுச்சு."

"ஏக்கா, அது வெண்டைச் செடியா? நான் ஏதோ முள்ளுச் செடின்னுல்ல நினைச்சேன். ஒரு காயாவது அதுல காய்ச்சு நான் பார்க்கலையே."

"உன் கண்ணு அடுத்த வீட்டுக் காய எண்ணுறதுக்கே இருக்கு."

"காய்ச்சாத்தானேக்கா எண்ண?"

குழம்பில் புளியை முதலில் கரைத்து விடுவதா, கடைசியில் விடுவதா என்று மட்டுமே பதினோரு வருஷமாக நடக்கிற சண்டை ஒன்று இருந்தது. இரண்டு புருஷன்மார்களும் காலைக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வயலுக்குப் போய்க் குடிக்கப் பழகிவிட்டார்கள். காத்தாயியின் புருஷன் சாத்தையன் பரம சாது. "நீ சொன்னா சரிதான்" என்பதைத் தவிர வேறு பதிலை அவன் வாழ்நாளில் சொன்னதில்லை.

ஆனால் காத்தாயி காய்ச்சலில் படுத்தால் முதலில் கஞ்சி கொண்டுவருகிறவள் வெள்ளச்சிதான். "உப்புப் போதலைன்னா என்கிட்டச் சொல்லு, ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதே" என்று திட்டிக்கொண்டே ஊட்டுவாள். வெள்ளச்சிக்கு முதுகு வலி வந்தால், "குனிஞ்சு வேலை செஞ்சாத்தானே வலிக்கணும், உனக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே காத்தாயி எண்ணெய் தேய்ப்பாள். இதற்கெல்லாம் பாசம் என்று பெயர் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடும் சண்டைக்குப் போயிருப்பார்கள்.

ஒரு மாசி மாதம் வெள்ளச்சி காய்ச்சலில் விழுந்தாள். மூன்றே நாள். காத்தாயி வைத்த கஞ்சி ஆறுவதற்குள் போய்விட்டாள்.

காத்தாயி அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு கொல்லைக்கு வந்தாள், மண்சுவரைப் பார்த்தபடி துவைகல்லின் மேல் உட்கார்ந்தாள். மத்தியானம் கால் விரல்கள் மரத்த மாதிரி இருந்தன. எறும்பு கடித்திருக்கும் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தபோது பாதம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஓ, இதுதானா என்று நினைத்தாளே தவிர, எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சாத்தையன் அதைப் பார்த்துவிட்டான். ஊர்த்தலைவர் உடையப்பன் வீட்டுக்கு ஓடினான். அவர் உடனே சத்தக்கட்டு போட்டார். தமுக்கடித்துச் சொல்ல முடியாதே, அதனால் வீடு வீடாகப் போய்க் காதோடு காதாகச் சொன்னார்.

மாட்டு மணிகளுக்குள் பஞ்சு அடைத்தார்கள். கிணற்று ராட்டினத்துக்கு ஒரு கலயம் ஆமணக்கெண்ணெய் ஊற்றினார்கள். பனைமர ஓலைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். ஓடையிடம் போய், "கொஞ்ச நாளைக்குக் கல்லு மேல மோதாம ஓரமாப் போம்மா" என்று கேட்டுக்கொண்டார்கள். ஓடையும் சரி என்று பதுங்கிப் பதுங்கிப் போயிற்று. உலக்கைகளை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள். நாய்களையும், ஊரில் இருந்த முப்பது பிள்ளைகளையும் அங்கேயே அனுப்பினார்கள். தவளைகள் கூட்டம் போட்டு விவாதிக்க வேண்டும் என்றன. "அதையும் அங்கே போய் வச்சுக்கோங்க" என்றார் உடையப்பன். காற்று மட்டும் முதலில் முறைத்துக்கொண்டது. கடைசியில், "காத்தாயிக்காகத்தானே" என்று மலையைத் தாண்டிப் போய்விட்டது.

சேவல்தான் தகராறு செய்தது. "நான் கூவலைன்னா சூரியன் வராதே" என்றது. "அதை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். மறுநாள் சூரியன் தன்பாட்டுக்கு வந்தது. சேவலுக்கு அந்த அதிர்ச்சி தாங்க முடியவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதுவும் மலைக்கு அந்தப் பக்கம் போயிற்று.

ஊர் அடங்கிவிட்டது. ஜனங்கள் பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். தும்மல் வந்தால் தலையணையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார்கள். எல்லாம் காத்தாயி மேல் உள்ள அன்பில்தான்.

அந்த அமைதிக்குள் உட்கார்ந்திருந்த காத்தாயிக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டது. மண்சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதுதான் அது. காற்றோ காக்கையோ கொஞ்சம் இரைந்திருந்தால் அது கேட்காமல் இருந்திருக்கும். ராட்டினம் கிறீச்சிட்டிருந்தால், "எண்ணெய் விடக்கூட உங்களுக்கு நேரமில்லையா" என்று வாய் தன்னால் முணுமுணுத்திருக்கும். முணுமுணுக்க ஒன்றுமே இல்லை. வெள்ளச்சி இல்லை, வெள்ளச்சி இல்லை என்று அந்த வெறுமை பகலெல்லாம் அவளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. கல் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது.

ஆறாம் நாள் உடையப்பன் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சத்தம்தான் ஆகாது. சங்கீதம் ஆகலாமில்ல?" என்று கிசுகிசுத்தார். மாந்தோப்பிலிருந்து குயிலை அழைத்து வந்தார்கள்.

குயில் பாடியது. அடடா, அன்றைக்கு அது பாடிய பாட்டு மாதிரி அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. உடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாத்தையன் வேலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தேம்பினான். காத்தாயிக்கும் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தொல்லை. அத்தனை நல்ல பாட்டில் பதில் சொல்வதற்கு ஓர் இடம்கூட இல்லை. கேட்கலாம், கேட்டுக் கரையலாம், அவ்வளவுதான். இதை வெள்ளச்சி கேட்டிருந்தால் என்ன குறை சொல்லியிருப்பாள் என்று நினைத்தாள். உடனே கல் நான்கு விரற்கடை ஏறி மார்பைப் பிடித்தது. குயில் பயந்துபோய்ப் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பறந்தது.

எட்டாம் நாள் கல் தோளுக்கு வந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சாத்தையன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் உதட்டை நனைத்தான்.

"காத்தாயி, ஏதாவது சொல்லேன்" என்று கிசுகிசுத்தான். "நீ என்ன சொன்னாலும் சரிதான்."

அவனைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஒருவனிடம் பேசுவதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டாள்.

இது இப்படி இருக்க, மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. தவிட்டு நிறம், மஞ்சள் மூக்கு, எப்போதும் யாரையோ முறைப்பது போல வெளுத்த கண். பாட்டு என்பது அவற்றுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. இரும்புச் சட்டியைச் சுரண்டுவது மாதிரி ஒரு குரல். "பாட்டு வராதவங்களுக்கு ஊருக்குள்ள என்ன வேலை?" என்று ஊர்ப் பறவைகளெல்லாம் சேர்ந்து எப்போதோ அவற்றை மலைக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டன. அவை கவலையே படவில்லை. காய்ந்த சருகுகளைப் புரட்டிப் புழு தின்றுகொண்டு, காலையிலிருந்து மாலை வரை தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தன.

அங்கேதான் இப்போது ஊர்ச் சத்தம் முழுவதும் வந்து இறங்கியிருந்தது. காற்று வேலையில்லாமல் சுற்றிச் சுற்றி வீசிச் சருகு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிற்று. முப்பது பிள்ளைகளும் உலக்கையை வைத்து விளையாடினார்கள். நாய்கள் துரத்தின. தவளைகளின் கூட்டம் முடிகிற வழியாக இல்லை. சேவல் வேறு பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இல்லாமலே விடியுதாமே" என்று புலம்பிக்கொண்டே இருந்தது. எட்டு நாள் பொறுத்துப் பார்த்தன தவிட்டுக்குருவிகள். ஒன்பதாம் நாள் காலையில், "இந்த ஊர்க்காரங்ககிட்டப் போய் நியாயம் கேட்டே ஆகணும்" என்று கிளம்பி மலையைத் தாண்டி வந்தன. சத்தக்கட்டு என்று ஒன்று இருப்பதை அவற்றிடம் யாரும் சொல்லவில்லை.

வந்தவை இறங்கிய இடம் காத்தாயி வீட்டுக் கொல்லை. ஒன்பது நாளாகக் கூட்டாத கொல்லை. வேப்பமரத்துச் சருகு கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. அதைப் பார்த்ததும் வந்த காரியம் ஏழுக்கும் மறந்துபோயிற்று. தத்தித் தத்திப் போய்ச் சருகைப் புரட்டத் தொடங்கின.

கல் அப்போது காத்தாயியின் தொண்டைக் குழிக்கு வந்திருந்தது. கண்ணை மட்டும்தான் அசைக்க முடியும். கல்லாகிவிட்ட கழுத்தால் வேறு பக்கம் திரும்பவும் வழியில்லை. எதிரே நடப்பதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஏழில் ஒன்றுக்கு வால் குட்டை. அது மூலையில் கிடந்த பெரிய சருகு ஒன்றைப் புரட்டியது. அடியில் நல்ல கொழுத்த வெள்ளைப் புழு. குட்டைவாலி வாயைத் திறப்பதற்குள் இருப்பதிலேயே பெரிய குருவி பாய்ந்து வந்து புழுவைக் காலால் மிதித்துக்கொண்டது.

"அது என்னுது" என்றது குட்டைவாலி.

"எது உன்னுது? சருகைப் புரட்டினது நான்" என்றது பெரியவள்.

"நீ அந்த ஓரத்துல நின்னு காதைச் சொறிஞ்சிட்டிருந்த."

"சொறிஞ்சிக்கிட்டே புரட்டினேன். ஏன், ரெண்டு வேலை ஒண்ணாச் செய்யக் கூடாதா?"

மற்ற ஐந்தும் ஓடிவந்தன. நடந்தது எதையும் அவை பார்க்கவில்லை. ஆனாலும் ஐந்தும் சாட்சி சொல்லத் தொடங்கின. "பெரியக்காதான் புரட்டுச்சு, நான் பார்த்தேன்" என்றது ஒன்று. "நீ எங்கே பார்த்த, நீ எனக்குப் பின்னால இருந்த" என்றது இன்னொன்று. "போன வாரமும் இவ இப்படித்தான் செஞ்சா" என்று பழசைக் கிளப்பியது மூன்றாவது. இரும்புச் சட்டிகள் ஏழும் ஒரே நேரத்தில் உருண்ட மாதிரி ஆகிவிட்டது கொல்லை.

ஊர் பதறிப்போயிற்று. உடையப்பன் ஓடிவந்தார். விரட்டலாம் என்றால் வாயைத் திறக்க முடியாது. கல்லெறியலாம் என்றால் அது விழுந்து சத்தம் கேட்கும். அதனால் துண்டை எடுத்து ஓசைப்படாமல் வீசினார். பெண்கள் வேலி ஓரத்தில் வரிசையாக நின்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்கள். சாத்தையன் குதிகால் படாமல் ஓடிவந்தவன் தடுக்கி விழுந்து, ஐயோ என்று வாய்க்கு வந்ததைக் கையால் பொத்திக்கொண்டு உருண்டான்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் என்ன, எறும்பு கடிச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டுக் குருவிகள் சண்டையைத் தொடர்ந்தன.

"கடைசியாச் சொல்றேன். அந்தச் சருகைப் புரட்டினது நான்தான். இல்லைன்னு சொல்ற ஆளு யாரு?" என்று பெரியவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

சாட்சி சொன்ன ஐந்தும் பெரியவள் பக்கமே தத்திப் போய் நின்றுகொண்டன. குட்டைவாலி தலையைக் குனிந்துகொண்டது.

காத்தாயிக்கு உடம்புக்குள் எங்கோ சுருக்கென்றது. என்ன அநியாயம் இது? கண்ணெதிரே நடந்திருக்கிறது. மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை, அவள் ஒருத்திதான் பார்த்தாள். பார்த்தவள் சும்மா இருந்தால் இந்தப் பொய்க்காரி ஜெயித்துவிடுவாள். ஜெயித்துவிட்டு அந்தப் புழுவையும் தின்றுவிடுவாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக, வெள்ளச்சி இல்லை என்பதைத் தவிர இன்னொரு நினைப்பு அவளுக்குள் வந்தது. அது தொண்டையில் வந்து முட்டியது. கல்லை முட்டியது.

"பொய்" என்றாள் காத்தாயி.

தொண்டையிலிருந்து ஒரு சில்லுக் கல் பெயர்ந்து மடியில் விழுந்தது.

குருவிகள் ஏழும் திரும்பின.

"சருகைப் புரட்டினது அந்தக் குட்டைவாலிதான். நான் பார்த்தேன். நீ அந்த ஓரத்துல காதைத்தான் சொறிஞ்சிட்டிருந்த" என்றாள் காத்தாயி. குரல் கரகரவென்று வந்தது.

இப்போது குட்டைவாலி அவளுக்கு நன்றி சொல்லும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் முதலில் எகிறியது.

"ஏம்மா, எங்க வீட்டுச் சண்டைல நீ யாரு நடுவுல வர? அவ என் அக்கா. அவ எடுத்தா எடுத்துட்டுப் போறா."

"அப்படிக் கேளுடி" என்றாள் பெரியவள். "யாரோ கல்லு மேல உட்கார்ந்துக்கிட்டு நாட்டாமை பண்ணுது."

காத்தாயிக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்க வீட்டுச் சண்டைன்னா உங்க வீட்டுல போடணும். என் கொல்லைக்கு வந்து, என் சருகைக் கிளறி, என் புழுவைத் தின்னுட்டு, என்னையே யாருன்னு கேக்குறீங்களா?"

வலது தோளிலிருந்து ஒரு பாளம் உடைந்து கீழே விழுந்தது. கை விடுபட்டது. விடுபட்ட கையை முதல் வேலையாக நீட்டிப் பேசினாள்.

"உன் கொல்லைன்னா கூட்டி வைக்கிறதுக்கென்ன? ஒன்பது நாள் குப்பை கிடக்கு" என்றது ஒரு குருவி.

"அது உனக்கு எப்படித் தெரியும் ஒன்பது நாள்னு?"

"குப்பையைப் பார்த்தாலே தெரியும். நாங்க குப்பையிலேயே வளர்ந்தவங்க."

"அதைப் பெருமையா வேற சொல்லிக்கிறியா நீ?"

இப்படி ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சில்லு பெயர்ந்தது. மார்பிலிருந்து பெயர்ந்தது, முதுகிலிருந்து பெயர்ந்தது. உடையப்பன் வீசிக்கொண்டிருந்த துண்டு அப்படியே கையில் நின்றுவிட்டது. வெயில் உச்சிக்கு வந்தபோது காத்தாயி இடுப்பு வரை மனுஷியாக இருந்தாள்.

அப்போது பெரியவள் சலிப்போடு ஒரு கேள்வி கேட்டாள். "என்னா வாய் உனக்கு. உன் வீட்டுல சண்டை போட ஆளே இல்லையா?"

"இருந்தா" என்றாள் காத்தாயி. "செத்துப் போயிட்டா."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. ஒன்பது நாளாக அந்த ஒரு வார்த்தையை அவள் வாய் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டது. முகம் கோணியது. காத்தாயி அழத் தொடங்கினாள்.

குருவிகள் திகைத்து வாயை மூடிக்கொண்டன. ஏழும் ஒரே நேரத்தில் மௌனமானது அவற்றின் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான். கொல்லை மறுபடி அடங்கியது. அப்பாடா, அமைதி வந்துவிட்டது என்று உடையப்பன் நிம்மதியாகத் தலையசைத்தார். அந்த அமைதியில் காத்தாயியின் இடுப்பைச் சுற்றி மெல்ல மெல்லச் சாம்பல் நிறம் ஏறியது. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை.

குட்டைவாலி அதைப் பார்த்துவிட்டது. "ஏ, இவ மறுபடி கல்லாகுறா. யாராவது ஏதாவது பேசுங்கடி."

"என்னத்தைப் பேச? அழுறவகிட்ட என்ன பேசுறது?"

"எதையாவது. அந்தப் புழுவை யாரு தின்னது?"

"நீதானே தின்ன?"

"நானா? பெரியக்கா காலுக்கடியிலதானே இருந்துச்சு."

"என் காலுக்கடியிலயா? நான் காலை எடுத்து எவ்வளவு நேரமாச்சு."

புழு எப்போதோ ஊர்ந்து போய்விட்டிருந்தது. அது தன் பிள்ளை குட்டிகளிடம் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்லியிருக்கும். குருவிகளுக்கு அதைப் பற்றி என்ன, விட்ட இடத்திலிருந்து சண்டையைப் பிடித்துக்கொண்டன. அந்த இரைச்சலுக்கு நடுவே காத்தாயி வாய்விட்டு அழுதாள். "உன்னைத் திட்டாம எனக்குப் பொழுது விடியலையேடி வெள்ளச்சி. நான் பாட்டுக்குக் கத்திட்டு இருந்திருப்பேனே, என்னைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டியே" என்று அழுதாள். அழுகை குறைந்தபோதெல்லாம் ஒரு குருவி இன்னொரு குருவியை ஏதாவது சொல்லும். "ஏய், சும்மா இருங்கடி கொஞ்சம்" என்று காத்தாயி திட்டுவாள். திட்டிவிட்டு மறுபடி அழுவாள். பொழுது சாய்கிற நேரத்தில் முழங்காலிலிருந்தும் பாதத்திலிருந்தும் கடைசிச் சில்லுகள் உதிர்ந்தன. கடைசியில் அவளைச் சுற்றி ஒரு கூடை ஜல்லி கிடந்தது.

காத்தாயி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து நின்றாள். கால் குறுகுறுவென்றது. சாத்தையனைப் பார்த்தாள்.

"ஒன்பது நாளா இந்தக் கொல்லையக் கூட்ட உனக்குக் கை வரலையா?"

சாத்தையன், நீ சொன்னா சரிதான் என்று சொல்ல வாயெடுத்தான். கீழே கிடந்த ஜல்லியைப் பார்த்தான். பிறகு, பாறைக்குளத்தில் யாரும் கேட்டிராத உரத்த குரலில், "நடுவுல நீ உட்கார்ந்திருந்தா நான் எப்படிக் கூட்ட?" என்றான்.

அடுத்த கணம் அவனே பயந்துபோனான். காத்தாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்பது நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

உடையப்பன் நல்ல மனுஷர். தப்பென்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டார். "நம்ம வைத்தியம்தான்ய்யா நம்ம ஆளுகளைக் கொன்னிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதார். ஊர் அவரைத் தனியாக அழவிடவில்லை, சுற்றி உட்கார்ந்து நாற்று, மழை, மாட்டு விலை என்று பேசிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே மணிகளிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார்கள், பனையோலைகளை அவிழ்த்துவிட்டார்கள். காற்றும் நாய்களும் பிள்ளைகளும் வந்தார்கள். ஓடை ஆசை தீரக் கல்லில் மோதியது. சேவலிடம் போய், "நீ இல்லாம விடியல் நல்லாவே இல்லப்பா" என்று கெஞ்சி அழைத்து வந்தார்கள். தவளைகள் மட்டும் கூட்டம் முடியவில்லை என்று சொல்லி அனுப்பின.

மறுநாள் காலையில் குயில் பயந்து பயந்து ஒரு தடவை கூவிப் பார்த்தது. முன்பு பாடிய அதே பாட்டுத்தான். காத்தாயிக்குக் கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் இந்தத் தடவை அது வெதுவெதுப்பாகக் கன்னத்தில் இறங்கியது, நெஞ்சு லேசானது. "இன்னொரு தடவை பாடேன்" என்று குயிலைக் கேட்டாள்.

தவிட்டுக்குருவிகளுக்கு வந்த காரியம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "எங்க இடத்தைக் கெடுத்துட்டீங்க. எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று ஏழும் ஒரே குரலில் கேட்டன. ஊரில் உள்ள கொல்லைப்புறம் எல்லாம் இனி அவற்றுக்குத்தான் என்று உடையப்பன் சொன்னார். காத்தாயி இடையில் புகுந்து இரண்டு நிபந்தனை போட்டாள். ஒற்றையாக வரக் கூடாது, ஒற்றை ஆளால் சண்டை போட முடியாது. வந்தால் வாயை மூடக் கூடாது, வீட்டுக்குள் யார் அழுதாலும் மூடக் கூடாது. இதை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று தங்களுக்குள் அடித்துக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல்தான் குருவிகள் சரி என்றன.

அந்த நாள் தொட்டுத்தான் தவிட்டுக்குருவிகள் ஆறேழு பேராகச் சேர்ந்தே திரிகின்றன, வீட்டுக் கொல்லையை விட்டுப் போக மாட்டேன் என்கின்றன. யாராவது தனியாகப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால், கூப்பிடாமலே வந்து காலடியில் இறங்கி ஒரு சண்டையைத் தொடங்கிவிடுகின்றன.